நாள்பட்ட அஜீரணமும் கொரிய மூலிகை மருத்துவமும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

நாலு கவளம் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியும் உணவு அப்படியே நெஞ்சுக்குக் கீழே கல்லாக உட்கார்ந்திருக்கிறது. ஏப்பம், உப்புசம், மேல்வயிற்றில் ஒரு எரிச்சல். இந்தத் தொல்லைகளில் ஒன்றையாவது சொல்லாத வீடு நம்மிடையே அரிது. "கேஸ் டிரபிள்" என்று நாமே பெயர் வைத்து, மெடிக்கலில் ஒரு அட்டை மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துகிறோம். மாத்திரை போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஒரு கட்டத்தில் வேறு வைத்தியம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறோம்.

அப்படித் தேடுபவர்களின் கண்ணில் இப்போது அதிகம் படுவது கொரிய மூலிகை மருத்துவம். கொரிய நாடகங்களும் கொரியப் பொருள்களும் நம் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. இலங்கையிலிருந்து வேலை ஒப்பந்தத்தில் தென்கொரியா சென்றிருப்பவர்களும், அங்கே படிக்கும் நம் மாணவர்களும் அந்த மருத்துவமனைகளை நேரில் பார்க்கிறார்கள். அது உண்மையில் என்ன, எவ்வளவு பலன் தரும், நம் மார்க்கத்துக்கு உட்பட்டு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும்

அஜீரணம் என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. இரைப்பைப் புண், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமித் தொற்று, பித்தப்பைக் கல், சில வலி மாத்திரைகளின் பக்கவிளைவு, அரிதாக இரைப்பைப் புற்றுநோய், இவை எல்லாமே ஆரம்பத்தில் "செரிக்கவில்லை" என்ற புகாராகத்தான் தொடங்கும். இவை எதுவும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகும் தொல்லை நீடித்தால் அதற்கு ஆங்கில மருத்துவத்தில் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர். உறுப்பில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் உறுப்பு செய்யும் வேலையில் கோளாறு இருக்கிறது என்பது பொருள்.

2016-இல் வெளியான ரோம் 4 வரையறைப்படி, தொல்லை தொடங்கி குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதங்களில் அது நோயாளியை விடாமல் சிரமப்படுத்தியிருக்க வேண்டும். இதிலும் இரண்டு வகை உண்டு. சாப்பிட்ட பிறகு வயிறு அடைத்துக்கொள்வதும் கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவதும் ஒரு வகை. சாப்பாட்டோடு தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேல்வயிறு வலிப்பதும் எரிவதும் இன்னொரு வகை. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

காரணம் ஒன்றல்ல. உணவு உள்ளே வரும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். அது தளராமல் இறுகியே இருந்தால் நாலு கவளத்தில் நிறைந்துவிடும். இரைப்பை தன் உணவைச் சிறுகுடலுக்குத் தள்ளுவது தாமதமானால் கல் போல் உட்காரும். சிலருக்கு இரைப்பையின் நரம்புகள் சாதாரண அசைவையே வலியாக உணர்த்துகின்றன. கவலை, தூக்கமின்மை இரண்டும் இதைக் கூட்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சிலருக்கு மட்டும் வேலை செய்து, மற்றவர்களுக்குச் செய்யாததற்கு இதுவே காரணம். அவர்களுடைய பிரச்சினை அமிலத்தில் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் போல் கறுப்பாகப் போவது, இரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, விடாத வாந்தி, இரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய், நடுவயதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய அஜீரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த மூலிகையையும் தொடுவதற்கு முன் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். மேல்வயிற்று அழுத்தம் நடக்கும்போது வந்து, வியர்வையோடு தோளுக்கும் தாடைக்கும் பரவினால் அது வயிறே அல்ல, இதயமாக இருக்கலாம். அப்போது ஓமத் தண்ணீர் வைத்துப் பார்க்கும் நேரம் அது இல்லை.

கொரியர்களிடம் நாம் கற்க வேண்டிய முதல் பாடமும் இதுதான். உலகில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படும் நாடுகளில் கொரியாவும் ஒன்று. அதனால் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்துகொள்ளும் தேசியத் திட்டத்தை அந்த நாடு நடத்துகிறது. அங்கே மூலிகை மருத்துவரிடம் போகும் பலர் தங்கள் இரைப்பையின் உட்புறத்தை ஏற்கெனவே படம் பார்த்தவர்கள். நம்மில் பலர் அந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் கஷாயத்துக்குப் போகிறோம்.

ஹோ ஜுன் முதல் இன்றைய மருத்துவமனை வரை

கொரிய மரபு மருத்துவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹானுய்ஹாக். சீன மருத்துவத்திலிருந்து கிளைத்து, தன் மண்ணுக்கேற்ப வளர்ந்தது. அதன் மூலநூலான தொங்குய் போகாமைத் தொகுத்தவர் ஹோ ஜுன் என்ற அரச மருத்துவர். ஜப்பானியப் படையெடுப்பால் நாடு சிதைந்திருந்த 1596-இல் மன்னர் சொன்ஜோ இந்தப் பணியைத் தொடங்கச் சொன்னார். மன்னர் இறந்ததும் அந்தப் பழி மருத்துவர் மேல் விழுந்து ஹோ ஜுன் நாடு கடத்தப்பட்டார். அந்த நிலையிலும் வேலையை விடாமல் செய்து 1610-இல் முடித்தார், 1613-இல் 25 தொகுதிகளாக அச்சானது. நூலின் மூலிகைப் பகுதியில் சீனப் பெயர்களோடு நிற்காமல் ஊர்மக்கள் வழங்கும் கொரியப் பெயர்களையும் ஹங்குல் எழுத்தில் குறித்து வைத்தார். ஏழை தன் மலையடிவாரத்தில் கிடைக்கும் செடியைத் தானே அடையாளம் காண வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. 2009-இல் யுனெஸ்கோ இந்நூலை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

அடுத்த பெரிய பெயர் இ ஜே-மா. 1894-இல் அவர் எழுதிய நூல் மனிதர்களை நான்கு உடல்வாகாகப் பிரிக்கிறது. இதை சாசாங் முறை என்கிறார்கள். யூனானியின் நான்கு மிஸாஜைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது, ஆனால் கணக்கு வேறு. அந்த நால்வரில் சோஉமின் என்ற வகையினருக்குப் பிறவியிலேயே செரிமானம் பலவீனம், கைகால் குளிர்ச்சி என்பது அவர்கள் கொள்கை. அஜீரணத்தோடு வருபவர்களில் இந்த வகையையே அவர்கள் முதலில் தேடுகிறார்கள். ஜின்செங் இவர்களுக்கு ஒத்துவரும், உடற்சூடு மிகுந்த சோயாங்கின் வகைக்கு ஒத்துவராது என்றும் சொல்கிறார்கள். சிவப்பு ஜின்செங்கை எல்லோருக்குமான சர்வரோக நிவாரணியாக விற்கும் விளம்பரங்கள் அந்த மருத்துவத்தின் சொந்தக் கொள்கைக்கே மாறானவை.

இன்றைய கொரியாவில் இது நாட்டுவைத்தியமாக நடப்பதில்லை. 1951-இன் மருத்துவச் சட்டம் இதற்குத் தனி உரிமம் தந்தது. இந்த மருத்துவத்தைக் கற்பிக்கும் கல்லூரிகள் 11, அவற்றோடு பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்று. கல்லூரிப் படிப்பு ஆறு ஆண்டு, அதன் பின் தேசியத் தேர்வு. தூள் வடிவில் வரும் 56 மருந்துக் கலவைகளுக்கு 1987 முதல் அரசுக் காப்பீடு உண்டு. கஷாயத்துக்கான காப்பீடு 2020-இல் சோதனையாகத் தொடங்கியது. 2024-இல் அது விரிந்தபோது சேர்க்கப்பட்ட நோய்களில் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியாவும் ஒன்று. இந்த நோய்க்காக அவர்களிடம் எவ்வளவு பேர் போகிறார்கள் என்பதற்கு இதுவே போதிய அடையாளம்.

அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்

கொரியர்கள் பேச்சு வழக்கில் "செஹெத்தா" என்பார்கள். உணவு எங்கோ சிக்கிக்கொண்டது, அடைத்துவிட்டது என்ற பொருள். விரல் நுனியை ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது அங்கே பாட்டிமார் கைவைத்தியம். நமக்கு அது வேண்டாம். சுத்தமில்லாத ஊசியால் வரும் கேடு அஜீரணத்தைவிடப் பெரிது.

உரிமம் பெற்ற மருத்துவர் நாடி பார்ப்பார், நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்ப்பார், பிறகு வயிற்றை அழுத்திப் பார்ப்பார். மேல்வயிற்றைத் தட்டும்போது தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா என்பதற்கு அவர்கள் முக்கியத்துவம் தருகிறார்கள். கைகால் குளிர்கிறதா, குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, கோபம் வந்தால் வயிறு மோசமாகிறதா என்றெல்லாம் கேட்பார். ஒரே நோய்க்கு ஆளுக்கொரு மருந்து தருவது இந்த விசாரணையின் பேரில்தான்.

பலவீனமான, குளிர்ந்த வயிறு என்று முடிவு செய்தால் தருவது யூக்குன்ஜா-தாங். தாங் என்றால் கஷாயம். ஜின்செங், பேக்சுல் என்ற கிழங்கு, பைன் மர வேரில் வளரும் பூஞ்சை, அதிமதுரம், பன்ஹா என்ற கிழங்கு, காயவைத்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, சீன இலந்தைப் பழம், ஆக எட்டுச் சரக்கு. இதில் அதிமதுரமும் இஞ்சியும் நம் நாட்டு மருந்துக்கடை அலமாரியில் இருப்பவையே. பன்ஹாவைப் பச்சையாகத் தொட்டாலே நாக்கும் தொண்டையும் எரியும், அதை இஞ்சியோடு சேர்த்துச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்துவார்கள். வீட்டில் தானாகக் கலந்து காய்ச்சக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சரக்கே போதுமான காரணம்.

அளவுமீறிய உணவால் வந்த அடைப்புக்குப் பியோங்வி-சான் தருகிறார்கள். மக்னோலியா மரப்பட்டையும் ஆரஞ்சுத் தோலும் அதன் முக்கியச் சரக்குகள். மாவுச்சத்து செரிக்க முளைகட்டிய பார்லியும், இறைச்சி செரிக்க ஹாத்தார்ன் என்ற சிறு பழமும் சேர்ப்பதுண்டு. நெஞ்சுக்குழி அடைத்து, குமட்டலும் வயிற்றில் உருட்டலும் சேர்ந்திருந்தால் பன்ஹாசாசிம்-தாங். மனக்கவலையால் கெட்ட வயிற்றுக்குச் சிஹோ என்ற வேர் சேர்ந்த கலவைகள் உண்டு.

கஷாயம் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே காய்ச்சப்பட்டு, ஒருவேளைக்கு ஒரு பையாக அடைத்துத் தரப்படும். 20 பொட்டலம் சேர்ந்தது ஒரு "ஜே". அது ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து நாளுக்கு வரும். கூடவே முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டின் உட்புறத்திலும் அக்குபஞ்சர் ஊசி, மேல்வயிற்றில் மூலிகைப் பஞ்சை எரித்துச் சூடு காட்டும் மோக்ஸா சிகிச்சை. வயிற்றைத் திறந்து காட்ட வேண்டிய சிகிச்சை என்பதால் நம் சகோதரிகள் பெண் மருத்துவரை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது.

பலன் உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. இந்தக் கலவைகளில் அதிகம் ஆராயப்பட்டது யூக்குன்ஜா-தாங். ஜப்பானில் இதையே ரிக்குன்ஷிதோ என்ற பெயரில் தொழிற்சாலைத் தூளாகத் தயாரித்து அரசுக் காப்பீட்டில் கொடுக்கிறார்கள். இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பதையும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனையும் அது கூட்டுவதாக ஆய்வுகள் காட்டின. வெற்று மருந்தோடு ஒப்பிட்டு நோயாளிகளிடம் நடத்திய சோதனைகளில் அது ஓரளவு முந்தியது. முந்திய தூரம் பெரிதல்ல.

இந்த நோயில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கினர் வரை குணம் தெரிவதாகச் சொல்வது வழக்கம். அதனால் "எனக்குச் சரியாகிவிட்டது" என்ற தனிமனிதச் சாட்சி ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மற்ற கலவைகளைப் பற்றிய ஆய்வுகள் பல சிறியவை, சிலவற்றில் யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவில்லை. அக்குபஞ்சருக்கு இதைவிடச் சற்று உறுதியான சான்று இருக்கிறது. சாப்பிட்டதும் அடைத்துக்கொள்ளும் வகையினர் 278 பேரிடம் சீனாவில் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், போலி ஊசி பெற்றவர்களைவிட உண்மையான ஊசி பெற்றவர்களுக்குக் குணம் அதிகம் இருந்தது.

கொரியாவின் ஒரு மருந்து நிறுவனம் கோரிடாலிஸ் கிழங்கிலிருந்தும் மார்னிங் குளோரி வகைக் கொடியின் விதையிலிருந்தும் எடுத்த சாற்றை மாத்திரையாக்கி, 2011-இல் மோட்டிலிடோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரைப்பையின் அசைவைச் சீர்படுத்தும் ஆங்கில மருந்தான ஐட்டோபிரைடோடு ஒப்பிட்டபோது அது பின்தங்கவில்லை. எங்கள் பார்வையில் இந்த வழியே நம்பிக்கை தருகிறது. பழைய சரக்கை எடுத்து, அளவைத் தரப்படுத்தி, வேறு மருந்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது. நம் சித்த, யூனானி மருந்துகளுக்கும் இதே உழைப்பு நடக்க வேண்டும் என்ற ஏக்கம் இதைப் படிக்கும்போது வராமல் இல்லை.

நான்கு முதல் எட்டு வாரம் வரை எடுத்தும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அடுத்த "ஜே"க்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, நோயை மறுபடி ஆராயச் சொல்வதே நியாயம்.

ஹலாலா என்று பார்க்கும்போது

மூலிகை என்றால் செடிகொடி, அதனால் ஹலால் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அஜீரணத்துக்கான முக்கியக் கலவைகள் பெரும்பாலும் தாவரச் சரக்குகளே. மேலே சொன்ன யூக்குன்ஜா-தாங், பியோங்வி-சான், பன்ஹாசாசிம்-தாங் மூன்றின் மூலச் சூத்திரத்திலும் விலங்குச் சரக்கு இல்லை. ஆனால் மருத்துவர் ஆளுக்கேற்பக் கூடுதலாகச் சேர்ப்பவற்றில்தான் கவனம் வேண்டும்.

செரிமானத்துக்காக அங்கே சேர்க்கும் பழைய சரக்குகளில் ஒன்று கோழியின் இரைப்பை உட்தோல், காயவைத்துப் பொடித்தது. நம் வீட்டில் மண்ணீரல், ஈரல் சமைக்கும்போது கோழிக் கல்லீரலோடு வரும் கல்லைப்பையைச் சுத்தம் செய்து உரித்து எறிவோமே, அந்த மஞ்சள் தோல்தான். கோழி ஹலாலான பிராணி, ஆனால் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. வயிற்று எரிச்சலுக்குக் கணவாய் ஓட்டுப் பொடியும் சேர்ப்பதுண்டு. நம் நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைப்பதும் அதுவே. கடல்வாழ் உயிரினங்களில் ஷாஃபிஈ மத்ஹபின் விரிவான அனுமதி ஒருபுறம், மீன் மட்டுமே என்ற ஹனஃபி மத்ஹபின் நிலை மறுபுறம் என்று நம் ஊர்களிலேயே இரு சட்டங்கள் இருப்பதால் அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சத்து மருந்து என்ற பெயரில் மான் கொம்பும், கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையும் கஷாயத்தில் ஏறுவதுண்டு. கரடிப் பித்தம், கஸ்தூரி, மாட்டுப் பித்தக்கல் மூன்றும் சேர்ந்த ஒரு சாற்றை ஊசியாகவே போடும் முறையும் அங்கே இருக்கிறது. ஊசி என்றதும் எல்லாம் வெறும் அக்குபஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. "இந்த ஊசியில் மருந்து உண்டா, என்ன மருந்து" என்று கேட்க வேண்டும். தேனீ விஷ ஊசியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான், அது ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது மது. சில சரக்குகளை அரிசி மதுவில் ஊறவைத்து வறுப்பது அந்த மருத்துவத்தின் பழைய சுத்திமுறை. சில திரவ மருந்துகளில் மூலிகைச் சத்தை ஆல்கஹாலில் இறக்கிய டிங்சர் சேரும். வீடுகளில் ஜின்செங் வேரை மதுவில் ஊறப்போட்டு மருந்து என்று விருந்தினருக்குக் கொடுப்பதும் உண்டு. கடைசியில் சொன்னதில் விவாதமே இல்லை, அது மது. முந்தைய இரண்டிலும் மாற்று மருந்து கிடைக்கும்போது மாற்றைத் தேடுவதே நம் ஃபிக்ஹ் சட்டத்துக்கு நெருக்கமானது, அஜீரணத்துக்கு மாற்று தாராளமாக இருக்கிறது. கேப்ஸ்யூலின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தூளாகவோ கஷாயமாகவோ கேட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அங்கே உணவகங்களில் குடிக்கத் தரும் பச்சை பிளம் சிரப்புக்கும் ஒரு வார்த்தை. மேசில் என்ற அந்தக் காயைச் சம எடை சர்க்கரையில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கொரியக் குடும்பங்கள் வயிறு சரியில்லை என்றால் முதலில் எடுப்பது இதைத்தான். சர்க்கரை நோயாளிக்கு இது ஆகாது. வீட்டில் போட்டது புளித்திருந்தால் ஆல்கஹாலும் ஊறியிருக்கக்கூடும். அதே காயில் செய்த மதுவும் கடைகளில் கிடைக்கிறது, புட்டியைக் கவனித்து எடுக்க வேண்டும்.

கொரியாவில் இருப்பவர்கள் சந்தேகத்தைத் தீர்க்க, 1976-இல் திறக்கப்பட்ட சியோல் இத்தேவோன் மத்தியப் பள்ளிவாசலில் கேட்கலாம். ஹலால் சான்றிதழ் வழங்கும் கொரிய முஸ்லிம் சம்மேளனம் அங்கேதான் இயங்குகிறது.

யார் எடுக்கக் கூடாது

அதிமதுரம் இனிப்பானது, தீங்கற்றது என்று நினைப்போம். அளவு கூடினால் அது உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, கால் வீங்கச் செய்யும். மேலே சொன்ன கலவைகளில் அதிமதுரம் இருக்கிறது. பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் நம் பெரியவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஜின்செங் அந்த மருந்தின் வலுவைக் குறைக்கலாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை இறங்கலாம். பன்ஹாசாசிம்-தாங்கில் உள்ள ஹ்வாங்கும் என்ற வேர், அரிதாகக் கல்லீரலையும் நுரையீரலையும் பாதித்ததாக ஜப்பானில் பதிவாகியிருக்கிறது. மருந்து எடுக்கும் நாள்களில் கண் மஞ்சளாவதோ, சிறுநீர் கறுப்பதோ, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவதோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோயாளிகளும் தம் வழக்கமான மருத்துவர் சம்மதிக்காமல் தொடக்கூடாது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயம் தருவது, பெயர் ஒட்டாத கறுப்புக் கஷாயப் பைகளை ஆன்லைனிலும், ஊருக்கு வருபவர்களின் பெட்டியிலும் வரவழைத்துக் குடிப்பது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறொரு மூலிகை மாறிவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் பல பெண்களின் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டது, பின்னாளில் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. ஒரு சரக்கு மாறியதால் நேர்ந்தது அது. ஒருவருக்கென்று எழுதிய கஷாயத்தை வயிற்றுவலி என்று சொன்ன இன்னொருவருக்குப் பகிர்ந்து கொடுப்பது நம்மிடையே அன்பாகத் தோன்றுகிறது. அதை விட்டுவிட வேண்டும்.

இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் ஏற்றுக்கொண்ட மருத்துவ முறைகளில் கொரிய மருத்துவம் இல்லை. ஆகவே இங்கே "கொரிய மருத்துவர்" என்று பலகை வைத்திருப்பவரிடம் எந்த உரிமத்தில் மருந்து தருகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இதே குணங்களுக்குச் சுக்கும் அதிமதுரமும் சீரகமும் சேர்ந்த சித்த மருந்தோ, ஜவாரிஷ் வகை யூனானி லேகியமோ பதிவு பெற்ற மருத்துவரிடமே கிடைக்கிறது.

கொரியாவில் வேலை செய்பவர்களின் நிலை வேறு. 2019 ஜூலை முதல் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவரும் அந்நாட்டுத் தேசியச் சுகாதாரக் காப்பீட்டில் சேர்க்கப்படுகிறார்கள், கம்பெனி ஊழியர்கள் கம்பெனி வழியாகவே சேர்கிறார்கள். அக்குபஞ்சருக்கும் பட்டியலிலுள்ள தூள் மருந்துகளுக்கும் அந்த அட்டை செல்லும். கஷாயத்துக்குச் செல்லுமா என்பது மருத்துவமனை அந்தச் சோதனைத் திட்டத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

நோன்புக் காலத்தில்

ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ளவர்களுக்கு ரமளானின் பகல் பொழுது பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. தொந்தரவு மஃக்ரிபுக்குப் பிறகு வருகிறது. காலி வயிற்றில் வடை, சமோசா, நோன்புக்கஞ்சி, சர்பத் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டுத் தராவீஹில் நிற்க முடியாமல் தவிப்பவர்களை நாம் பார்க்கிறோம். எண்ணெய்ப் பதார்த்தம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், தளராத இரைப்பையில் ஒரேயடியாக நிறைப்பது அடைப்பை உடனே கொண்டுவரும். பேரீச்சம்பழம், தண்ணீர், சிறிது கஞ்சி, பிறகு தொழுகை, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்று பிரித்துக்கொண்டால் மருந்தின் தேவையே பாதியாகக் குறையும். வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கைத் தண்ணீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை இந்த நோயாளிகள் அளவுக்கு உணர்ந்தவர்கள் இருக்க முடியாது.

கஷாயம் நாளுக்கு மூன்று வேளை என்று எழுதியிருந்தால், நோன்பு வைப்பதை மருத்துவரிடம் சொல்லி இரண்டு வேளையாக மாற்றித் தரக் கேளுங்கள். இஃப்தாருக்குச் சற்று நேரம் கழித்து ஒன்று, சஹர் உணவுக்கு முன் ஒன்று. விட்டுப்போன வேளையை ஈடுகட்ட இரண்டு பையை ஒன்றாகக் குடிப்பது கூடாது. வெறும் அக்குபஞ்சர் ஊசியில் உணவோ மருந்தோ உள்ளே செல்வதில்லை, மருந்து ஏற்றும் ஊசி அப்படியல்ல. இரண்டையும் இரவு நேரத்துக்கு ஒதுக்கிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. சஹர் முடித்து ஃபஜ்ர் தொழுததும் உடனே படுக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பதும் நடப்பதும் நல்லது.

கொரிய மருத்துவரிடம் போகும்போது இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி எண்டோஸ்கோபி அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். கொரிய மொழி தெரியாதவர்கள் "விலங்குச் சரக்கும் மதுவும் வேண்டாம், நான் முஸ்லிம்" என்ற ஒரு வரியைக் கொரியத்தில் எழுதி வாங்கி போனில் வைத்துக்கொள்ளலாம். கலவையின் பெயரையும் சரக்குப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு நம் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.